செவியும் பல்லும் தாளும்: தமிழ்நாட்டில் மார்வாரிக் குதிரை வாங்குதல்

ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில், குருநாதசுவாமி கோயிலின் ஆடித் தேர்த்திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தை, தமிழ்நாட்டில் குதிரை வாங்குவோரும் விற்போரும் ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கும் இடமாகும். அங்கு 'நாட்டுக் குதிரை', 'கத்தியவார்', 'மார்வார்' என இனப்பெயர் சொல்லிக் குதிரைகள் நிறுத்தப்படுகின்றன. அவற்றுள் மார்வார் என்ற பெயர் ஒரு குதிரைக்கு வாய்த்துவிட்டால் அதன் விலை லட்சக்கணக்கில் பேசப்படுவது இயல்பாகிவிட்டது. கோயில் விழாக்களுக்கும் திருமண ஊர்வலங்களுக்கும் குதிரை வைத்திருப்போர், குதிரையேற்றம் பழகுவோர், தோட்டத்தில் ஒரு குதிரை நிற்கவேண்டும் என்று விரும்பும் வசதியுள்ளோர் எனப் பலதரப்பட்டவர்கள் இவ்வினத்தைத் தேடி வருகின்றனர். ஆனால் குதிரையின் விலையை உயர்த்துகிற அடையாளங்கள் வேறு. அக்குதிரை நெடுங்காலம் நலமாக உழைக்கும் என்பதற்கான அடையாளங்கள் வேறு. சந்தையில் முன்னவை தாமாகவே கண்ணில் படும்; பின்னவற்றைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

இந்தியாவின் கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் பொறுப்பு, ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவளப் பணியகத்தைச் சேர்ந்தது. அப்பணியகம் பதிவு செய்துள்ள குதிரை இனங்களாக மார்வாரி, கத்தியவாரி, மணிப்பூரி, ஸ்பிட்டி, ஸன்ஸ்காரி, பூட்டியா, கச்சி-சிந்தி, பீம்தடி ஆகியவற்றைக் குறிப்பிடலாம். இவற்றுள் தமிழ்நாட்டுக்கு உரியதென ஒன்றும் இல்லை. ஆகவே இங்கு 'நாட்டுக் குதிரை' என்று வழங்குவது பல வழிகளில் வந்த குதிரைகள் உள்ளூரிலேயே கலந்து பெருகியதன் விளைவேயன்றி, பதிவுபெற்ற தனி இனம் அன்று. குறிப்பிட்ட ஓர் இனத்துக் குதிரையை இங்கு வாங்க விரும்புபவர், வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குதிரையையோ, அவ்வாறு வந்தவற்றுக்கு இங்கே பிறந்த குட்டியையோதான் வாங்கியாக வேண்டும்.

தமிழகத்துக்குக் குதிரை வெளியிலிருந்து வருவது புதிய செய்தி அன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியனுக்காகக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதை, நரி பரியான திருவிளையாடலாகத் தமிழர் நெஞ்சில் நிலைத்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அந்நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரேபிய, பாரசீகக் குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட மிஞ்சாமல் போனதையும் எழுதியுள்ளார். குதிரைகளுக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சி ஊட்டப்பட்டது என்பதும், குதிரை மருத்துவம் அறிந்த லாடக்காரர்கள் அந்நாட்டில் இல்லை என்பதும், அப்படிப்பட்டவர்களை வணிகர்கள் உடன் அழைத்து வராமலே பார்த்துக்கொண்டனர் என்பதும் அவர் கூறும் காரணங்கள். இக்கணக்கில் மிகை இருக்கலாம் என்றாலும், வாங்குவதற்குப் பொருள் இருந்து வளர்ப்பதற்கு அறிவு இல்லாதபோது குதிரைக்கு நேர்வது என்ன என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. இன்றைய வாங்குநருக்கும் அதே ஆபத்து, சிறிய அளவில், உண்டு.

மார்வாரி இனம், ராஜஸ்தானின் மேற்குப் பகுதியான மார்வாரில் ராத்தோர் குலத்தவரின் ஆட்சியில் போர்க்குதிரையாகப் பேணப்பட்டு வந்தது. பிரித்தானியர் ஆட்சியில் ஆங்கிலேய இனக் குதிரைகளுக்கே மதிப்பு தரப்பட்டதாலும், விடுதலைக்குப் பின் ஜாகீர்தார்கள் தம் நிலங்களை இழந்து குதிரைகளைக் காப்பாற்ற இயலாமற் போனதாலும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினம் அழிவின் விளிம்புவரை சென்றது. ஜோத்பூர் அரசர் உமைத் சிங்கும், பின்னர் அவர் பேரன் கஜ் சிங்கும் எடுத்த முயற்சியால்தான் அது மீண்டது. இந்தியாவில் குதிரைகளின் மொத்த எண்ணிக்கையே விரைந்து குறைந்துவருகிறது என்பதையும் இங்கு நினைக்கவேண்டும்: 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் ஆறேகால் லட்சமாக இருந்த குதிரை, மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை, 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.4 லட்சமாகச் சுருங்கியது. தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பீகானேர் வளாகத்தில் 2023ஆம் ஆண்டில், ஒரு பெட்டையின் கருவை வேறொரு பெட்டையின் கருப்பைக்கு மாற்றி மார்வாரிக் குட்டி ஒன்று பிறக்கச் செய்யப்பட்டது, இவ்வினத்தைக் காப்பதற்கு அறிவியல் துணைநிற்கிறது என்பதற்குச் சான்று.

மார்வாரியின் முதல் அடையாளமாக எல்லோரும் சொல்வது செவி. இரு செவிகளும் உட்புறமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடும். அவற்றைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் வெகுதூரம் திருப்ப முடியும். செவி வளைந்திருக்கிறது என்பதாலேயே ஒரு குதிரையை மார்வாரி என்று முடிவுகட்டிவிட முடியாது. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதிக்குரிய கத்தியவாரிக் குதிரைக்கும் செவிகள் இவ்வாறே வளையும். இவ்விரண்டும் பிற இனங்களோடு கலந்து பிறந்த குட்டிகளுக்கும் ஓரளவு வளைவு வருவதுண்டு. கத்தியவாரியின் முகம் நெற்றிக்குக் கீழே சற்றுக் குழிந்தும், உடல் சற்றுக் குறுகியும் இருக்கும். அவ்வினத்தில் முழுக் கருப்பு நிறம் பொதுவாகக் காணப்படுவதில்லை. மார்வாரியின் முகம் நேராகவும், சில குதிரைகளில் மூக்கருகே சற்றே புடைத்தும், கழுத்து உயர்ந்தும், கால்கள் நீண்டும் அமையும். கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் எழும் தோள்மேட்டிலிருந்து தரைவரை அளப்பதே குதிரையின் உயரம். சந்தையில் அது அங்குலத்தில் சொல்லப்படுகிறது. '62 இஞ்ச்' என்று தரகர் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், குதிரையைச் சமதளத்தில் நிறுத்தி, நிமிர்ந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே முறை. சரிவான தரையில் முன்கால்களை மேட்டில் வைத்து நிறுத்தினால் ஓரிரு அங்குலம் எளிதில் கூடிவிடும்.

இவ்வினத்தின் மற்றொரு சிறப்பு 'ரேவால்' என்ற நடை. முதுகு அதிகம் குலுங்காமல், விரைவாகவும் சீராகவும் செல்லும் இந்நடையில் நெடுந்தூரம் பயணம் செய்தாலும் ஏறியிருப்பவர் களைப்படைவதில்லை. எல்லா மார்வாரிக் குதிரைக்கும் இது பிறவியிலேயே நன்கு வருவதில்லை. விற்பவர் 'ரேவால் போகும்' என்று சொன்னால், அவருடைய ஆளை ஏற்றிச் சிறிது தூரம் நடக்கச்செய்து பார்த்தபின்பே அதற்காகக் கூடுதல் விலை தரலாம்.

இனத்தை உறுதிப்படுத்துவது செவியும் நடையும் அல்ல, தாள். இந்திய மார்வாரிக் குதிரைச் சங்கம் 2009ஆம் ஆண்டு முதல் அரசின் அனுமதியுடன் இவ்வினக் குதிரைகளைப் பதிவு செய்துவருகிறது. அப்பதிவில் குதிரை இனத்தரத்துக்கு ஏற்றதா என்று முதலில் ஆராயப்படுகிறது. பின்னர் அதன் அளவுகளும் தனி அடையாளங்களும் குறிக்கப்பட்டு, நிழற்படம் எடுக்கப்பட்டு, கடுங்குளிரூட்டிய முத்திரையால் பதிவெண் இடப்படுகிறது. குளிர்முத்திரை தோலில் நிறமியை அழிப்பதால் அவ்விடத்தில் வெண்மயிர் முளைத்து எண் நிலையாகத் தெரியும். பதிவுச் சான்று காட்டப்பட்டால், அதிலுள்ள எண்ணும் நெற்றிக்குறியும் கால்வெண்மையும் சுழிகளும் எதிரே நிற்கும் குதிரையோடு ஒவ்வொன்றாக ஒத்துவருகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒரு குதிரையின் தாள் மற்றொன்றோடு கைமாறுவது எல்லா நாட்டுக் குதிரைச் சந்தைகளும் அறிந்த பழைய மோசடி. தாள் இல்லாத குதிரை மோசமான குதிரை என்று பொருளில்லை. நல்ல உடலும் நல்ல குணமும் உள்ள, பதிவில்லாத குதிரையை வாங்குவதில் தவறேதும் இல்லை. ஆனால் அதற்குப் பதிவுபெற்ற மார்வாரியின் விலையைக் கொடுப்பதற்கு நியாயமும் இல்லை.

நிறத்தையும் சுழியையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நெற்றியில் வெண்பட்டையும் நான்கு கால்களில் வெண்மையும் அமைந்த 'பஞ்சகல்யாணி' மங்கலம் என்றும், முழுக் கருப்பு ஆகாது என்றும் வடக்கே நம்பிக்கை உண்டு. மயிர் சுழன்று வளர்ந்திருக்கும் இடங்களைக் கொண்டு நன்மை தீமை கணிப்பது அசுவ சாத்திர நூல்களின் காலத்திலிருந்து தமிழ்நாட்டிலும் தொடர்கிறது. இந்நம்பிக்கைகள் குதிரையின் உடல்நலத்தைப் பற்றி எதுவும் உணர்த்துவதில்லை என்றாலும், விற்கும்போது விலையைப் பாதிப்பதால் வாங்குபவர் அவற்றை அறிந்திருப்பது நல்லது. 'நொக்ரா' என்று வழங்கும் வெண்குதிரைகள் நிறத்தால் பெயர் பெற்றவையேயன்றிப் பதிவுபெற்ற இனம் அல்ல. இளஞ்சிவப்புத் தோலுடைய அவை தமிழ்நாட்டு வெயிலில் மூக்கும் கண்ணிமையும் வெந்து புண்ணாகும் இயல்புடையவை என்பதால், நிழலும் கவனமும் கூடுதலாக வேண்டும்.

வயதை அறிவதற்குப் பல்லைப் பார்ப்பதே உலகெங்கும் உள்ள வழி. குதிரையின் தாடையில் முன்புற வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே, கடிவாள இரும்பு தங்கும் பல்லில்லாத இடைவெளி ஒன்றுண்டு. பழகியவர்கள் பக்கத்தில் நின்று, அவ்விடைவெளி வழியே கையை நுழைத்து நாக்கை மெல்லப் பிடித்து ஒதுக்கி, மற்றொரு கையால் உதட்டை உயர்த்திப் பார்ப்பர். மேலும் கீழும் ஆறு ஆறாக வெட்டுப்பற்கள் உண்டு. நடு இணைப் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது இரண்டரை வயதில். அடுத்த இணை மூன்றரையில். ஓர இணை நாலரையில். ஐந்து வயதில் 'வாய் நிறைந்தது' எனலாம். ஆண்குதிரைக்கு நாலு, ஐந்து வயதில் கோரைப்பற்களும் முளைக்கும். பெட்டைக்கு அவை பெரும்பாலும் இருப்பதில்லை. அதன் பின்பு பற்களின் மேற்பரப்பில் உள்ள குழிகள் தேய்வதைக்கொண்டு வயது கணிக்கப்படுகிறது: கீழ்வரிசையின் நடுப்பற்களில் ஆறு வயதளவிலும், அடுத்தவற்றில் ஏழிலும், ஓரப்பற்களில் எட்டிலும் குழி மறையும். மேல்வரிசை ஓரப்பல்லின் வெளிப்புறத்தில் பத்து வயதளவில் ஈறோரத்தில் ஒரு பள்ளக்கோடு தோன்றிக் கீழ்நோக்கி வளர்ந்து, பதினைந்தில் பல்லின் பாதிவரையும், இருபதில் நுனிவரையும் எட்டும். எட்டு வயதைத் தாண்டிய கணிப்புகளில் ஓரிரு ஆண்டு முன்பின் ஆவது உண்டு. மணல் கலந்த தீவனம் தின்ற குதிரையின் பல் விரைந்து தேயும். தேய்ந்த பல்லில் செயற்கையாகக் குழி தோண்டிக் கருமை ஏற்றி வயதைக் குறைத்துக் காட்டும் ஏமாற்றும் உலகில் உண்டு. ஆனால் இயற்கையான குழியைச் சுற்றி வெண்மையான பற்சிப்பி வளையம் இருக்கும். தோண்டிய குழிக்கு அது இராது.

பல்லுக்கு அடுத்தது காலும் குளம்பும். கற்கள் இல்லாத கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி ஒருவர் குதிரையை நேராக நடத்திச்சென்று திரும்பிவரவேண்டும். பின்னர் மெல்ல ஓடச்செய்யவேண்டும். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் பதியும்போது தலை மேலெழும். வலியில்லாத கால் பதியும்போது தலை தாழும். கயிற்றை இறுகப் பிடித்துத் தலையை அசையவிடாமல் ஓட்டிக் காட்டுகிற விற்பனையாளரிடம், கயிற்றைத் தளர்த்தச் சொல்லித் தயங்காமல் கேட்கவேண்டும். நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்கும்போது, அடியில் அழுகல் நாற்றம் வீசுகிறதா, சுவரில் வெடிப்பு உண்டா, ஒன்றுக்கொன்று விலகிச்செல்லும் வளையங்கள் உண்டா என்பவை கவனிக்கத்தக்கவை. கடைசியாகச் சொன்ன வளையங்கள், குளம்பின் உள்ளடுக்கு முன்பு எப்போதோ வீங்கியதைக் காட்டுபவை. அந்நோய் ஒருமுறை கண்ட குதிரை மீண்டும் நொண்டுவதற்கு வாய்ப்பு அதிகம். வலிநீக்கி மருந்து ஊட்டப்பட்ட குதிரை சந்தை நாளில் நொண்டாமல் நடக்கும். முரட்டுக் குதிரை காலையிலேயே களைக்க ஓட்டப்பட்டிருந்தால் மாலையில் சாதுவாக நிற்கும். ஆகவே சந்தையில் கண்டு பிடித்துப்போன குதிரையை, விற்பவரின் லாயத்தில், முன்கூட்டிச் சொல்லாத ஒரு நாளில் மறுபடியும் பார்ப்பது, தரகுக்குக் கொடுக்கும் தொகையைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

இவையெல்லாம் வாங்குபவரே பார்க்கக்கூடியவை. இவற்றோடு, விற்பவருடன் தொடர்பில்லாத கால்நடை மருத்துவர் ஒருவரைக்கொண்டு கண், இதயம், நுரையீரல், மூட்டு ஆகியவற்றைச் சோதிக்கச் செய்வது இன்றியமையாதது. ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறைவரை துடிக்கும். மூச்சு 8 முதல் 16 முறைவரை இருக்கும். இரத்தப் பரிசோதனையில் முதன்மையானது கிளாண்டர்ஸ் நோய்க்கானது. மூக்கிலும் நுரையீரலிலும் தோலிலும் புண்களை உண்டாக்கும் இந்நுண்ணுயிர் நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கவல்லது. கால்நடைகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கான 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நோய்களுள் இதுவும் ஒன்று. நோய் உறுதியானால் குதிரையைக் கொன்று புதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளிப்பார்வைக்கு நலமாகவே தோன்றும் குதிரையின் உடலிலும் இந்நோய் மறைந்திருக்கக்கூடும் என்பதால், வெளிமாநிலத்திலிருந்து வந்த குதிரையை இப்பரிசோதனைச் சான்று இல்லாமல் வாங்குவது தன் குடும்பத்தையும் லாயக்காரரையும் ஆபத்தில் நிறுத்துவதாகும்.

விற்பவர் குறையை மறைத்தால் சட்டம் காக்குமா என்ற கேள்விக்கு, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமே குதிரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விடை தருகிறது. அதன் 17ஆம் பிரிவின் விளக்கங்களின்படி, நலமற்றது என்று தெரிந்த ஒரு குதிரையை ஏலத்தில் விற்பவர், அதைப் பற்றி வாய் திறவாமல் இருந்துவிட்டால் அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லி, விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் ஆகிவிடுகிறது. அதாவது கேட்காதவருக்குச் சட்டம் அதிகம் உதவாது, கேட்டவருக்கு உதவும். அதிலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறையை, மௌனத்தால் ஏமாந்தேன் என்று காட்டி ஒப்பந்தத்தை முறிக்க 19ஆம் பிரிவு இடம் தருவதில்லை. ஆகவே 'இதற்கு நொண்டல் உண்டா, உதைக்குமா, கடிக்குமா, வயிற்றுவலி வந்ததுண்டா, வண்டியில் பூட்டியதுண்டா, போக்குவரத்தில் மிரளுமா' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைகளை விற்பனைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவதே பாதுகாப்பு. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடிக்கும் சந்தை வழக்கத்தில் விலை மட்டும்தான் முடிவாகிறது. குதிரையின் நிலை பற்றி எதுவும் பதிவாவதில்லை. சில நாள் வைத்துப் பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாடும் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி செல்லும். ஆனால் குறித்த நாளுக்குள் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் குதிரை வாங்கியவருடையதாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

முதன்முறையாகக் குதிரை வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு, விலைக்கு வாங்குவதைவிடக் குத்தகைக்கு எடுப்பதே அறிவுடைமை. முழுக் குத்தகையில் குதிரை எடுத்தவரின் இடத்துக்கு வந்துவிடும். தீவனம், லாடம், மருத்துவம் ஆகிய எல்லாச் செலவும் பெரும்பாலும் அவருடையது. பகுதிக் குத்தகையில் குதிரை உடையவரின் லாயத்திலேயே நிற்கும். எடுத்தவர் வாரத்தில் குறித்த நாள்களில் மட்டும் பயன்படுத்திக்கொண்டு செலவில் பங்கு தருவார். குதிரையேற்றப் பள்ளிகள் உள்ள சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் இருப்போருக்குப் பின்னது பொருந்தும். ஓராண்டு இவ்வாறு ஒரு மார்வாரியோடு பழகியவர், அதன் சுறுசுறுப்பும் எளிதில் மிரளும் கூர்மையும் தமக்கு ஏற்றவைதாமா என்பதைத் தம் அனுபவத்தாலேயே தெரிந்துகொள்வார்.

குத்தகைக்கும் ஒப்பந்தச் சட்டத்தில் விரிவான விதிகள் உண்டு. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்தவர், அதிலிருந்து விழுந்து காயப்பட்டவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது 150ஆம் பிரிவின் விளக்கம். வாடகைக்குக் கொடுத்தாலோ, குறை தமக்குத் தெரியாது என்று சொல்லியும் அவர் தப்ப முடியாது. அதேபோல, தான் மட்டும் ஏறுவதற்கென்று குதிரையை எடுத்தவர், வீட்டார் ஒருவரை ஏறவிட்டு, அவர் எவ்வளவு கவனமாகச் செலுத்தியபோதும் குதிரை தவறி விழுந்து அடிபட்டால், எடுத்தவரே இழப்பீடு தரவேண்டும் என்று 154ஆம் பிரிவு சொல்கிறது. இதனால், யார் யார் ஏறலாம், வண்டியில் பூட்டலாமா, ஊர்வலத்துக்கு அனுப்பலாமா, வெளியூருக்குக் கொண்டுசெல்லலாமா, குதிரை இறந்தால் இழப்பு யாருடையது, காப்பீட்டுத் தவணையை யார் கட்டுவது என்பவற்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளாத குத்தகை பெரும்பாலும் பகையில் முடியும்.

பெட்டைக் குதிரையைக் குட்டிக்காகக் குத்தகை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விட்டு, ஈன்ற குட்டிகளை உடையவரும் வளர்த்தவரும் பகிர்ந்துகொள்வது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுநாளைய வழக்கம். ஆனால் ஒப்படைத்த பசு கன்று ஈன்றால் பசுவோடு கன்றையும் உடையவரிடமே கொடுக்கவேண்டும் என்பதுதான் 163ஆம் பிரிவு. வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே அது மாறும். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ பதினோரு மாதம். அத்தனை காலம் தீவனமிட்டு வளர்த்தவர், வாரவழக்கை நம்பிக் குட்டியில் பங்கு கேட்டு ஏமாறாமல் இருக்க, பிறக்கும் குட்டி யாருடையது என்பதையும் பதிவுத்தாளில் யார் பெயர் இருக்கும் என்பதையும் குதிரையைச் சேர்க்கைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே எழுதிக்கொள்ளவேண்டும்.

விலையும் குத்தகைத் தொகையும் ஒருமுறை பேசி முடிபவை. வயிறு நாள்தோறும் கேட்கும். குதிரை தன் உடல் எடையில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு உலர்தீவனம் தின்னும். 350 கிலோ எடையுள்ள மார்வாரிக்கு அது நாளொன்றுக்கு 7 கிலோ. மாதத்துக்கு 210 கிலோ. ஆண்டுக்கு இரண்டரை டன். அதில் பெரும்பகுதி புல்லாகவும் குதிரைமசாலாகவும் இருக்கவேண்டும். கொள்ளும் தவிடும் துணைதான். குதிரையின் இரைப்பை உடலை நோக்கச் சிறியது, குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. அதனால் ஒரே வேளையில் மிகுதியாக ஊட்டினாலோ, பூசணம் பிடித்த தட்டையைப் போட்டாலோ, உயிருக்கே உலைவைக்கும் வயிற்றுவலி வந்துவிடும். இளம்சோளப் பயிரில் உள்ள நச்சு குதிரைக்கும் கேடு விளைவிக்கும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து மாட்டுக்குத் தீங்கில்லாத அளவிலேயே குதிரைக்கு நஞ்சாகும் என்பதை, பண்ணையில் எல்லாக் கால்நடைகளையும் சேர்த்து வளர்ப்போர் அவசியம் அறிந்திருக்கவேண்டும். நாளுக்கு 25 முதல் 40 லிட்டர்வரையும் கோடையில் அதற்கு மேலும் நல்ல தண்ணீர் வேண்டும். ஐந்து வயதில் வாங்கும் குதிரை இன்னும் இருபதாண்டு வாழக்கூடியது என்பதால், மேய்ச்சலுக்குச் சிறிதேனும் நிலம் இல்லாதவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபின் முடிவெடுப்பதே குதிரைக்குச் செய்யும் நீதி.

குதிரையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதற்குக் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். சறுக்காத தரையும், உடலைத் தாங்கும் பக்கத்தடுப்பும், வழியில் தண்ணீருக்கு நிறுத்தமும் இருக்கவேண்டும். ராஜஸ்தானிலிருந்து வரும் குதிரை பல நாள் பயணத்தால் களைத்து, பழகாத ஈரக்காற்றில் இறங்குகிறது. பழைய இடத்துத் தீவனம் ஒரு வாரத்துக்காவது போதுமான அளவு உடன் கொண்டுவரப்பட்டு, நாள்தோறும் புதிய தீவனத்தின் பங்கை உயர்த்தி, ஏழு முதல் பத்து நாளுக்குள் மாற்றி முடிக்கப்பட்டால் வயிறு தாங்கும். மற்ற குதிரைகளிடமிருந்து மூன்று வாரம் தனியே கட்டுவதும், டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னிக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று உறுதிசெய்வதும் தொடக்கத்திலேயே முடிக்கவேண்டியவை. பாலைநிலத்தில் உலர்ந்து கெட்டிப்பட்ட குளம்பு, வடகிழக்குப் பருவமழையின் சேற்றில் ஊறி அழுகத் தொடங்கும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் லாயத்தின் தரை காய்ந்திருக்க வேண்டும். நாள்தோறும் குளம்படியைச் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து குளம்பைச் செதுக்கவேண்டும். குதிரையின் இயல்பான உடல்வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும். முதல் மூன்று வாரமும் காலை மாலை வெப்பமானி வைத்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவந்தால், காய்ச்சல் ஏறும் முதல் நாளிலேயே மருத்துவரை அழைக்க முடியும்.